பைபாஸ் சாவியில் தொங்கும் குழம்புக் கரண்டி

வேலையில் சேர்ந்த முதல் நாளே நீங்கள் மூவரும் கேட்டீர்கள், கண்ட்ரோல் ரூமில் பைபாஸ் சாவியோடு ஒரு குழம்புக் கரண்டியை எதற்காகச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று. பிறகு சொல்கிறேன் என்று சிரித்து மழுப்பிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை நான் மலையை விட்டு இறங்குகிறேன். சேலத்துக்குப் பக்கத்தில் பெரிய எரிவாயு சேமிப்பு நிலையம் ஒன்றில், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

இந்த மாதிரி அனுபவங்களை எல்லாம் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது வயதே ஆகவில்லை. ஆனாலும் ஒன்பது வருஷம் அந்தப் பேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தலைச்சோலையில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி டிப்ளமோ படித்தேன். இந்த காபி ஒர்க்ஸின் கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்ணும் நான்தான். இதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. பழம் பறிக்கும் காலத்தில் இந்த மலையில் வெயிலை நம்ப முடியாது, அதனால் காபியை டிரையரில் காய வைக்கிறோம். டிரையருக்கு வேண்டிய எரிவாயு, திரவமாக லாரியில் ஏறி வந்து நம் இரண்டு டேங்குகளில் நிற்கிறது. சுற்றிலும் ஆறு டிடெக்டர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று கத்தினால், சிவப்புப் பொத்தானை அமுக்குவதா வேண்டாமா என்று நாற்காலியில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டும். அமுக்கினால் வால்வுகள் மூடிக்கொள்ளும், டிரையர்கள் நிற்கும், வெளியே சங்கு ஊதும். சங்கு கேட்டால் சரிவில் இருக்கும் தொழிலாளர் லைன் வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோரும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போய்விட வேண்டும். நம் வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளம் தேடி ஓடும். பள்ளத்தில் நாற்பது வீடுகள், நாற்பது விறகடுப்புகள். வீடுகள்தான் முதலில் வந்தவை. டேங்குகள் பிறகு வந்தவை.

நான் சேர்ந்து எட்டாவது மாதம். காலை ஷிப்டு. கண்ணாடிக்கு வெளியே மூடுபனி, கையை நீட்டினால் விரல் தெரியாது. கீழ் வேலியோரம் இருக்கும் நாலாம் நம்பர் டிடெக்டர் கத்தியது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாடத்தில் படித்தபடி அமுக்கிவிட்டேன்.

வாயு எங்கும் இல்லை. பனி ஈரம் டிடெக்டரின் பெட்டிக்குள் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு டிரையரில் பாதி காய்ந்த காபி புழுங்கிப் போனது. மேனேஜர் மெமோ கொடுத்தார். லைன் வீடுகளில் வேகாத சோற்றோடு எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பழம் பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் செல்லம்மாக்கா. லைனில் முதல் வரிசையில் முதல் வீடு அவருடையது, நம் வேலியிலிருந்து கூப்பிடு தூரம்.

"ஏங்கண்ணு, பனி எத்தன மூட்டை புடிச்சீங்க?" என்றார், கடைத்தெருவே கேட்கிற மாதிரி.

"அக்கா, அது வந்துங்க..."

"வேகாத சோத்தத் தின்னுபோட்டு எம்பட ஊட்டுக்காரரு ரெண்டு நாளா வவுத்தப் புடிச்சுக்கிட்டுத் திரியறாரு. அவருக்கும் ஒரு சங்கு ஊதி உடு சாமி, எந்திரிச்சு நிக்கட்டும்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பஸ் வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் லைன் வீடுகளில் எனக்குப் பெயர் 'பனிச்சங்கு'. சின்னப் பிள்ளைகள்கூட என்னைக் கண்டால் வாயில் கை குவித்து ஊதிக் காட்டும்.

ஒரு வாரம் சுற்றுப்பாதையில் வேலைக்குப் போனேன். அப்புறம் எனக்கே பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக செல்லம்மாக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். அதை ஒளிப்பானேன்?

"கருவி தப்புங்கக்கா. ஈரம் எறங்கிடுச்சு. எம்மேல தப்பில்லீங்க."

அவர் முறத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. "கருவிய நாங்களா வெச்சோம்? நீ பாத்துக்கற கருவிதானே கண்ணு?"

"ஆமாங்க."

"சரி, உடு. இனிமே சங்கு கேட்டா அது பனியா, காஸான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒலைய எறக்கறதா, வேண்டாமா? அதச் சொல்லிப்போட்டுப் போ."

மூன்று வருஷப் படிப்பில், சங்கை எப்படி ஊத வைப்பது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேட்பவர் அதை ஏன் நம்ப வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "சங்கு கேட்டா எறக்கீருங்க. ஏன் ஊதுனேன்னு அன்னைக்கே நான் வந்து சொல்றேன். பனின்னா பனின்னு சொல்றேன். என் தப்புன்னா என் தப்புன்னு சொல்றேன்."

"வருவியா?"

"வருவேங்க."

"பாப்போம்" என்று முறத்தைத் தட்டினார்.

போனேன். அடுத்த இரண்டு வருஷத்தில் மூன்று தடவை சங்கு ஊதியது. ஒரு தடவை சோதனை, ஒரு தடவை மின்சாரக் கோளாறு, இன்னொரு தடவை மறுபடியும் பனி. மூன்று தடவையும் ஷிப்டு முடிந்து நேராகக் கீழே போய், முதல் வரிசை வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். கேலி பேசினார்கள், காபி கொடுத்தார்கள். பட்டப்பெயர் போகவில்லை. ஆனால் அதைச் சொல்லும் விதம் மாறியிருந்தது.

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு. நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடமும் இதுதான்.

அந்த வருஷம் பனி இறங்கியதும் நாலாம் நம்பர் மறுபடி ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் வால்வு ஆள் பழனியண்ணன் சாக்கைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையசைப்பார். புதிய டிடெக்டர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். வந்தபாடில்லை. டிரையர்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் சூப்பர்வைசர் சேலத்துக்காரர், தங்கமான மனிதர். அவர்தான் சொன்னார்:

"ஏம்மா, அது வாயக் கட்டிப்போடேன். பனி உட்டதும் தொறந்துக்கலாம். மத்த அஞ்சும் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்குது?"

பைபாஸ் சாவியைத் திருப்பினேன். கத்தல் நின்றது. பேனலில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. அந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கீழே போய்ச் சொல்ல வேண்டும் என்று மனசில் ஓடத்தான் செய்தது. சங்கு ஊதினால்தானே சொல்வதாக வாக்குக் கொடுத்தேன், இதற்கு எதற்கு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் நாள் மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்தியது. நான்காம் நாள் அது விளக்கு மாதிரியே தெரியவில்லை. சுவரில் ஆணி இருப்பது போல இருந்தது.

பதினோராம் நாள். காலை ஆறரை இருக்கும். பழத்தோல் அழுகும் காலம், மலை முழுக்க அந்த நாற்றம். நம் வாயுவில் கலந்திருக்கும் வாடையை அதற்குள் பிரித்தெடுக்க எந்த மூக்காலும் முடியாது. வெளியே பனி. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, நாலாம் நம்பரின் வாயை நானே கட்டியிருக்கிறேன். நான் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டு நின்றேன்.

பனி கரடியூர்ப் பக்கப் பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. விடிந்தபின் பனி மேலே ஏறும். தலைச்சோலையில் பிறந்த எவருக்கும் இது தெரியும். அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாவது டேங்குக்குக் கீழே, பைப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. அது ஏறவில்லை. தரையோடு ஒட்டிக்கொண்டு கீழ் வேலியை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது.

"அண்ணா, அதென்னங்க அது?"

பழனியண்ணன் எட்டிப் பார்த்தார். "பனிதானுங்க."

"பனி எறங்குமாங்கண்ணா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் ஒரு வாய் டீ குடித்தேன். எதற்கு என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இன்னொரு மெமோ வந்தால் வேலை இருக்காது என்று தெரியும். 'பனிச்சங்கு' என்ற பெயர் காதில் கேட்டது. பேனலில் எந்த டிடெக்டரும் கத்தவில்லையே என்ற ஆறுதல் வேறு. கத்தக்கூடியதைக் கட்டிப் போட்டவளே நான்தான் என்பது அந்த ஒரு வாய் டீக்குப் பிறகுதான் உறைத்தது. டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியாது. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

வால்வுகள் மூடும் சத்தம் கேட்டது. டிரையர்கள் மூச்சை நிறுத்தின. சங்கு அலறியது. பழனியண்ணன் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, வேலியோரம் மழை மாதிரி அடித்தார். டேங்கிலிருந்து இனி வராது. ஆனால் அதற்குள் வெளியே வந்தது வந்ததுதான். அந்த வெள்ளை வேலியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எந்தப் பொத்தானும் செல்லம்மாக்கா வீட்டு அடுப்பை அணைக்காது. முதல் வரிசைக் கூரைகள் மட்டும் பனிக்குள் மங்கலாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் விறகுப் புகை, நீலமாக. நான் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் பனிதான் என்று அவர்கள் நினைத்துவிட்டால்?

ஒரு கூரையில் புகை குபீரென்று வெள்ளையாகப் பொங்கியது. நெருப்பில் தண்ணீர் விழுந்தால் அப்படித்தான் எழும். அடுத்த கூரை. அதற்கடுத்தது. பிறகு புகையே இல்லை. பனிக்குள் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஆட்கள் ஏறும் சத்தமும், குழந்தைகள் அழும் சத்தமும் கேட்டன.

பைப் இணைப்பில் இருந்த வாஷர் பிளந்து, கசிந்த வாயுவின் குளிரில் காற்றின் ஈரம் வெள்ளையாகத் திரண்டிருக்கிறது. கைக்கருவியோடு இறங்கிப் போனவர்கள், முதல் வரிசை வீடுகளின் பின்சுவரை ஒட்டிய சாக்கடை வரைக்கும் வாயு இருந்ததாகச் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அடுப்பு.

மத்தியானம் சூப்பர்வைசர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"லாக் புக்குல காத்தால ஆறு மணிக்குத்தான் பைபாஸ் போட்டேன்னு எழுதீரும்மா. ரிப்பேர் பாக்கறதுக்காகன்னு. நீதான் இன்னைக்கு எல்லாரையும் காப்பாத்துன. அது போதும். உம்பட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் எனக்குக் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேனாவை எடுத்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. எஸ்டேட் ரைட்டர் நீட்டிய தாளில் எல்லாம் கைநாட்டு வைத்தவர் அவர், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே. தெரியாமல் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. அதைத் தெரிந்தே ஒரு பொய்க்குக் கீழே போடுவதற்கா எங்கள் அம்மா சுள்ளி விற்று எனக்கு ஹாஸ்டலில் சோறு போட்டாள்?

பதினோரு நாளாக பைபாஸில் இருந்தது என்று எழுதினேன். சாவியைத் திருப்பியது நான் என்று எழுதினேன். சூப்பர்வைசர் சொன்னதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஆகட்டும்மா" என்று அவரும் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அன்றைக்கே வந்து சொல்வதாக வாக்கு. சாயங்காலம் கீழே போனேன். பெண்கள் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்கள். யாரோ என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கு நெசமாவே காஸுங்க" என்றேன். "ஆனா முன்னயே தெரிஞ்சிருக்கணும். இக்கட்ட, வேலியோரமா இருக்கற கருவியோட வாய நானே கட்டி வெச்சிருந்தேன். பதினோரு நாளா. உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்க."

நெட்டி முறித்த கை அப்படியே நின்றது.

செல்லம்மாக்கா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கரிபிடித்த ஒரு குழம்புக் கரண்டி இருந்தது. அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நகராமல் நின்றேன்.

"சங்கு கேட்டப்ப ஊட்டுல பொட்டுத் தண்ணியில்ல கண்ணு. கொழாவுல இன்னும் தண்ணி உடலை. கொதிக்கற புளிக்கொழம்ப அப்படியே அடுப்புல ஊத்துனேன். நல்ல கத்திரிக்கா போட்ட கொழம்பு."

"அக்கா, மறுபடியும் பனிதான்னு நெனைக்கலீங்களா?"

"நெனச்சேன். பனியா இருந்தா பொழுதோட வந்து பனின்னு சொல்லுவியே, அப்ப நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேட்டுக்கலாம்னுதான் ஊத்துனேன்." பக்கத்தில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "ஊதுனதுக்கெல்லாம் வந்து சொன்ன. ஊத முடியாம வெச்சிருந்தத ஏஞ்சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"உம்பட வெக்கத்துல எம்பட ஊடு எரிஞ்சிருக்கும்."

அவர் கரண்டியை என் கையில் திணித்தார். "இத அந்தச் சாவியோட கட்டிப்போடு. என்னைக்கு அது வாயக் கட்டறியோ, அன்னைக்கு இதக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துப்போடணும். கரண்டி கீழ இருந்தா இங்க அடுப்பு எரியாது. சீட்டுக் கீட்டு எழுதி அனுப்பாத. எனக்குப் படிக்கத் தெரியாது. கரண்டி தெரியும்."

எனக்கு இரண்டு வாரம் சஸ்பென்ஷன். தலைச்சோலை வீட்டில் அம்மா, "கையெழுத்துப் போடத் தெரிஞ்சதால மாட்டிக்கிட்ட. எங்களாட்ட இருந்திருந்தா தப்பிச்சிருப்ப" என்றாள். பிறகு அவளே, "நொம்ப நல்லா எழுதுனியா?" என்று கேட்டாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன் என்றேன். அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

திரும்பி வந்து மேனேஜர் மேசையில் கரண்டியை வைத்தேன். "இதென்னம்மா?" என்றார். சொன்னேன். முகத்தைச் சுளித்தார், பிறகு ஜன்னல் வழியாக அந்தக் கூரைகளைப் பார்த்தார். அடுப்பு எரியாத நாளில் நாற்பது வீட்டுக்கும் நம் கேன்டீனிலிருந்து சாப்பாடு போக வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். அதில் ஒரு வேடிக்கை. மாதக்கணக்கில் மெட்ராஸிலிருந்து வராத டிடெக்டர், கரண்டி முதல் தடவை கீழே போன மறுநாளே வந்து சேர்ந்தது. நாற்பது வீட்டுக்கு உப்புமா கிண்டிய கேன்டீன்காரர் மேனேஜர் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எந்தக் கருவியும் ஒருநாள் பொய்யாகக் கத்தும். கத்தலை நிறுத்த உங்களுக்கும் கை துறுதுறுக்கும். சில நேரம் நிறுத்தித்தான் ஆக வேண்டும், பழுது பார்க்க வேறு வழியில்லை. அப்போது சாவியைத் திருப்பிய கையோடு கரண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்கிப் போங்கள். வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பாதீர்கள். செல்லம்மாக்கா உங்களிடம் பத்துக் கேள்வி கேட்பார், உங்களுக்கும் ஒரு பெயர் வைப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். நான் நேற்று விடைபெறப் போனபோது, "பனிச்சங்கு போனா எங்களுக்கு எவ சங்கு ஊதுவா?" என்றுதான் கேட்டார். உங்கள் மூவரின் பெயரையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். அன்றைக்கு அடுப்பில் ஊற்றியது இதைவிட நன்றாக இருந்தது என்கிறார். அதை நான் எப்படிச் சரிபார்ப்பது?

ஷிப்டு ஒப்படைக்கும்போது எழுதுவதுபோல் இதையும் எழுதி முடிக்கிறேன். கரண்டி மேலே இருக்கிறது. டிடெக்டர்கள் ஆறும் விழித்திருக்கின்றன. கீழே நாற்பது அடுப்பும் எரிகின்றன.